உமி, கடலைத்தோல், சுள்ளி: கேசிஃபையர் அடுப்புக்கு எரிபொருள் போடுவது எப்படி?

சும்மா கிடக்கிற கடலைத்தோலையும் உமியையும் வைத்தே சமையலை முடித்துவிடலாம் என்று கேசிஃபையர் அடுப்பு, அதாவது எரிபொருளை வாயுவாக்கி அந்த வாயுவை எரிக்கும் அடுப்பு, வாங்குகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அந்த அடுப்பு மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போய்விடுவதும் உண்டு. என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒரே புகை", "பாதியிலேயே அணைஞ்சுபோகுது", "உலை கொதிக்கறதுக்குள்ள தீர்ந்துபோகுது" என்பார்கள். காரணம் பெரும்பாலும் அடுப்பில் இருக்காது. உள்ளே போட்ட சரக்கு காயாமல் இருந்திருக்கும், தூள் கலந்திருக்கும், அல்லது அந்த அடுப்புக்கு ஒத்துவராத சரக்காக இருந்திருக்கும். இந்த அடுப்பின் வேலையில் பெரும்பகுதி களத்திலும் தாழ்வாரத்திலுமே முடிந்துவிடுகிறது. அடுப்பங்கரைக்கு மிச்சம் வருவது கொஞ்சம்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, சரக்கைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கரியை அள்ளுவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

அடுப்பின் நடுவில் ஓர் உருளை இருக்கும். அதன் அடியில் ஓட்டை போட்ட தட்டு. உருளையை முழுக்க நிரப்பி, மேற்பரப்பில் பற்றவைக்க வேண்டும். அடியில் தீ மூட்டி மேலே விறகு தள்ளும் பழக்கத்துக்கு இது தலைகீழ். மேலே பிடித்த சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிற சரக்கு 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் வாயுவாகப் பிரிந்து மேலே கிளம்பும். மிச்சம் கரியாக அங்கேயே நிற்கும். கிளம்பிய வாயு, உருளையின் வாய்ப்பக்கத் துளைகளிலிருந்து வரும் புதுக் காற்றோடு கலந்து எரியும். பாத்திரத்தைச் சுடவைப்பது அந்த வாயுத் தீதான்.

ஆக, இரண்டு காற்று. அடித்தட்டு வழியே வருவது கீழ்க்காற்று, வாய்ப்பக்கத் துளைகளில் வருவது மேல்காற்று. ஒரு கிலோ விறகு முழுமையாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். அதை வாயுவாக்க மட்டும் என்றால் ஒன்றரை கிலோ போதும். அந்தக் கொஞ்சக் காற்று சரக்கின் இடுக்குகள் வழியே எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறிவர வேண்டும். இனி வரும் எல்லா வேலையும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

1980களில் அமெரிக்கரான தாமஸ் ரீடும், ஆப்பிரிக்காவில் வேலை செய்த நார்வேக்காரர் பால் வெண்டல்போவும் தனித்தனியாக இந்த முறைக்கு வந்து சேர்ந்தார்கள். உமியை மட்டுமே எரிக்கும் வடிவத்தைப் பிலிப்பைன்ஸில் அலெக்சிஸ் பெலோனியோ உருவாக்கினார். 2008-ல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். அவருடைய அடுப்பில் கட்டாயம் ஒரு மின்விசிறி இருக்கும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

உங்கள் அடுப்பு எந்த வகை என்று பாருங்கள்

விசிறி இல்லாத அடுப்பில் காற்று தானாகவே ஏறவேண்டும். அதற்கு இடுக்கு பெரிதாக இருக்க வேண்டும்: நறுக்கிய சுள்ளி, உடைத்த கொட்டாங்குச்சி, மக்காச்சோளச் சக்கைத் துண்டுகள், பருத்திமார், துவரைமார். கடலைத்தோலை இதோடு கலந்து போடலாம். உமியை மட்டும் நிரப்பினால் காற்று மேலே வராது. தீ ஒரு விரற்கடை இறங்கி, அப்படியே மூச்சு முட்டிப் புகையும்.

விசிறி உள்ள அடுப்பு காற்றைத் தள்ளிவிடுவதால் உமி, கடலைத்தோல், மர இழைப்புச் சுருள், பெல்லட் (கழிவை அழுத்திச் செய்த சிறு கட்டி) எல்லாம் எரியும். மரத்தூள் மட்டும் அதற்கும் கஷ்டம். 12 வோல்ட் கணினி விசிறியே பல அடுப்புகளுக்குப் போதும். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்பதை வாங்கும்போதே யோசித்து வையுங்கள். உமி பாதி எரியும்போது விசிறி நின்றால் வீடு முழுக்கப் புகைதான்.

விசிறியில்லாத அடுப்பை வாங்கிவிட்டு உமிக்கு ஆசைப்படுவதும், விசிறி அடுப்பை வாங்கிவிட்டு அதில் கைத்தடி கனத்துக்கு விறகு திணிப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஊரில் ஆண்டு முழுக்க எது கிடைக்கும் என்று பார்த்துவிட்டு அடுப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வரிசை.

எது ஆகும், எது ஆகாது

*சீமைக்கருவேலம்.* முள்ளைத் தவிர வேறு குறையில்லை. கட்டைவிரல் கனக் கிளைகளை நறுக்கிக் காயவைத்தால் விசிறியில்லா அடுப்புக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைப்பது கஷ்டம். சவுக்கு மிலாறும் அப்படியே.

*கொட்டாங்குச்சி.* நல்ல சூடு. ஆனால் பாதி மூடியாகவோ பெரிய சில்லாகவோ போட்டால் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் காற்றை மறித்துவிடும். சாக்கில் போட்டுச் சுத்தியலால் அடித்து, விரல் நகம் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகர அடுப்பில் இதை மட்டுமே போட்டு எரித்தால் தகரம் சீக்கிரம் இற்றுப்போகும். பாதிக்குப் பாதி சுள்ளி கலப்பது நல்லது.

*கடலைத்தோல்.* லேசானது, சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். உடைக்கிற மெஷினிலிருந்து வருவதில் மண்ணும் தூளும் இருக்கும். சலிக்காமல் போடக் கூடாது.

*உமி.* இதில் இரண்டு ரகம். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் சேர்ந்து அரைபட்டுத் தூளாக வரும். அது மாட்டுக்குப் போகட்டும், அடுப்புக்கு ஆகாது. ரப்பர் உருளை வைத்த நவீன அரிசி ஆலையில் உமி முழுசாக, படகு வடிவம் கெடாமல் வரும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சும்மா கொடுப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நெல் அவிக்கும் ஆலைகள் தங்கள் பாய்லருக்கே உமியைத்தான் எரிக்கின்றன.

*தென்னை நார்க்கழிவு.* தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே தோட்டக்காரர்கள் இதை வாங்குகிறார்கள். அடுப்புக்கு அதுவே கெடுதல். விட்டுவிடுங்கள்.

*வைக்கோல்.* பொதபொதவென்று இடத்தை அடைக்கும். அதன் சாம்பல் சூட்டில் உருகிக் கட்டிதட்டும். பற்றவைக்க ஒரு பிடி போதும், மற்றபடி மாட்டுக்கு.

*முந்திரி ஓடு.* பண்ருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், கொழுந்துவிட்டும் எரியும். ஆனால் அதிலுள்ள எண்ணெய் தோலை வேகவைக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். வீட்டுச் சமையலுக்கு வேண்டாம்.

அரளிக் குச்சி விஷம். சுள்ளி பொறுக்கும்போது அது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்த கட்டை, பிளைவுட் துண்டு, பாலித்தீன் உறை எதுவும் கூடாது.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள்

"சீக்கிரம் தீர்ந்துபோகுது" என்பதற்கு இதுதான் விடை. 15 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் உள்ள உருளை ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பிடிக்கும். உமி லிட்டருக்குச் சுமார் 100 கிராம். ஆக 350 கிராம்தான் உள்ளே போகும். காய்ந்து நறுக்கிய விறகு லிட்டருக்கு 200 முதல் 250 கிராம் வரை நிற்கும். அதே உருளையில் 700 கிராமுக்கு மேல் போகும். போதாக்குறைக்கு, கிலோவுக்குக் கிலோ பார்த்தாலும் உமியில் சூடு குறைவு: கிலோவுக்குச் சுமார் 3000 முதல் 3300 கிலோகலோரி. காய்ந்த விறகில் 3500-லிருந்து 4000 வரை. உமி நிரப்பிய உருளையில் தீ நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கும். இருபது நிமிடத்தில் தரை தட்டிவிடும். சாம்பாருக்கு அது போதும், நாலு பேருக்கு உலை வைத்து இறக்கப் போதாது.

இதற்குத்தான் பெல்லட் வந்தது. லிட்டருக்கு 600 கிராமுக்கு மேல் நிற்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவாகி, 2006 வாக்கில் விற்பனைக்கு வந்த ஊர்ஜா அடுப்பு வேளாண் கழிவுப் பெல்லட்டை நம்பியே விற்றது. 4 லட்சம் வாக்கில் விற்றும், பெல்லட் விலை ஏறியதும் பல வீடுகளில் அடுப்பு நின்றுபோனது. தொழிற்சாலை பாய்லர்களும் அதே கழிவைத் தேடி வாங்கத் தொடங்கினால் வீட்டுக்காரர் விலைக்கு அது கிடைக்காது. என் பேச்சைக் கேட்டால், பெல்லட்டை அவசரத்துக்கு ஒரு மூட்டை வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்கு உள்ளூர்ச் சரக்கைக் கலந்து பழகுங்கள்.

காயவைப்பது

நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். மேலிருந்து இறங்குகிற சூடு முதலில் அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டியிருக்கும். ஈரச் சரக்கு நடுவில் ஓர் அடுக்காக மாட்டிக்கொண்டால் தீ அங்கே வந்து நின்றேவிடும்.

மீட்டர் வாங்க வேண்டியதில்லை. கடலைத்தோல் என்றால் கையில் ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். நறநறவென்று நொறுங்கி, கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. மடங்கி ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை ஜில்லென்று இருந்தால் இன்னொரு வெயில் வேண்டும். சுள்ளி 'படக்'கென்று முறிய வேண்டும். நாராகத் தொங்கினால் பச்சை. சந்தேகமாக இருந்தால், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரைப் பாட்டில் சரக்கைப் போட்டு இறுக மூடி, வெயிலில் வையுங்கள். உட்புறம் நீர் முத்துக் கட்டினால் காயவில்லை. இன்னும் திருத்தமாகத் தெரிய வேண்டுமா, ஒரு கிலோ அளந்து மொட்டைமாடியில் மெல்லிசாகப் பரப்பிவிட்டுச் சாயந்தரம் மறுபடி எடை போடுங்கள். 900 கிராம் ஆகியிருந்தால் 100 கிராம் தண்ணீரை அடுப்புக்குள் போடவிருந்தீர்கள் என்று அர்த்தம். எடை குறைவது நிற்கும்வரை பரப்பலாம்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஆண்டுக்கான சரக்கைக் காயவைத்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் உள்ள ஈரத்தையே உமி இழுத்துக்கொள்ளும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், பரண் இருந்தால் இன்னும் நல்லது. அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். மூட்டைக்குள் சட்டென்று கை விடாதீர்கள், பூரானும் தேளும் உமிக்குள் குடியிருக்கும்.

சலிப்பது, நறுக்குவது, கலப்பது

பாதிப் பேர் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். தூளைப் போக்காமல் வேறு என்ன செய்தாலும் பலனில்லை. பெரிய துண்டுகளின் இடுக்கில் தூள் போய் உட்கார்ந்து காற்று வழியை அடைத்துவிடும். கொஞ்சம் தூள்கூட அடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் அடைக்கும். தீ மறுபக்கமாகவே கீழே ஓடிவிடும். ராகி சலிக்கும் சல்லடை போதும். உமியை முறத்தில் புடைத்தாலே தவிடும் தூசியும் போய்விடும். காற்றடிக்கிற நேரத்தில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். உமித் தூசி தொண்டையைச் சும்மா விடாது.

அடுத்து, அளவு. 15 செ.மீ. உருளைக்குச் சுள்ளி கட்டைவிரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. நீளம் 3 முதல் 5 செ.மீ. இதைவிட நீளமாக இருந்தால் குறுக்கே நின்று, அடியில் பொந்து விழும். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது, அளவு சரியாக இருப்பதைவிட முக்கியம். பருத்திமாரை நறுக்கும்போது பட்டை நார் நாராகத் தொங்கும். கத்தரித்து விடுங்கள், இல்லாவிட்டால் பந்தாகச் சிக்கிக்கொள்ளும்.

உட்கார்ந்து நறுக்குவது சலிப்பான வேலைதான். இதைச் சொல்லாமல் அடுப்பை விற்கிறார்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து ஒருவர் நறுக்கினால் ஒரு வேளைச் சமையலுக்கே நேரம் போய்விடும். வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷின் உள்ள வீட்டில் கேட்டு வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். காயாத மெல்லிய குச்சியை வெட்டிவிட்டு அப்புறம் காயவைப்பது, காய்ந்ததை வெட்டுவதைவிடச் சுலபம்.

கலப்பு: விசிறியில்லா அடுப்பில் பாதி சுள்ளித் துண்டு, பாதி சலித்த கடலைத்தோல் என்று தொடங்குங்கள். தீ நன்றாக இறங்கினால் தோலைக் கொஞ்சம் கூட்டலாம். உமி சேர்க்க வேண்டுமென்றால் கால் பங்கைத் தாண்டாதீர்கள். கலக்கும்போது நன்றாகப் பிசறி விடுங்கள். கீழே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு என்று போட்டால் தீ ஓர் அடுக்கில் ஓடும், அடுத்ததில் நொண்டும்.

நிரப்புவது

பழைய மரத்தூள் அடுப்பைப் பார்த்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அதில் நடுவே பாட்டிலை நிறுத்தி, தூளைக் கையால் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை உருவி எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இந்த உருளையையும் குத்தினால் காற்று வழி போய்விடும். சரக்கைச் சரித்துக் கொட்டுங்கள், உருளையின் வெளிப்பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுங்கள், அவ்வளவு போதும். சுவரோரம் பொந்து இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இருந்தால் சிறு துண்டுகளால் நிரப்புங்கள். மேற்பரப்பைச் சமமாக்குங்கள். மேல்காற்றுத் துளைகளுக்கு இரண்டு விரற்கடை கீழேயே நிறுத்த வேண்டும். துளையை மூடினால் வாயு எரியக் காற்றிருக்காது.

முழுக்க நிரப்ப வேண்டியதும் இல்லை. பாலைக் காய்ச்ச அரை உருளை போதும். சரக்கைப் பழைய பால்பவுடர் டப்பாவால் அளந்து போடுங்கள்; எந்தச் சமையலுக்கு எத்தனை டப்பா என்பது சில நாளில் பிடிபட்டுவிடும்.

பற்றவைப்பது

மேற்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். பன்னாடை, உலர்ந்த சவுக்கு ஊசி, மெல்லிசாகக் கிழித்த தென்னம்பாளை இவற்றில் ஒன்றை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, மூன்று நான்கு இடத்தில் சூடத்தைப் பொடித்துப் போட்டுக் கொளுத்துங்கள். நடுவில் மட்டும் கொளுத்தினால் அங்கே குழி விழும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தேவையில்லாத வேலை. தீ அணைந்து புகையும் அடுப்பில் ஊற்றுவது ஆபத்தும்கூட.

விசிறி அடுப்பு என்றால் முதலில் விசிறியை மிகக் குறைவாக வையுங்கள். வேகமாக வைத்தால் பிடிக்கிற தீயை ஊதி அணைத்துவிடும். மேற்பரப்பு முழுக்கச் சிவந்து, வாய்ப்பக்கத் துளைகளிலிருந்தே தீ நாக்குகள் நீள்வதுபோலத் தெரியும்போது பாத்திரத்தை வையுங்கள். அதுவரை பொறுக்க வேண்டும். பாதிப் புகை, பாத்திரத்தை அவசரப்பட்டு வைப்பதால் வருவது.

தீயைக் கவனிப்பது

மஞ்சள் தீ சீராக எரிந்துகொண்டிருந்தால் எதையும் தொடாதீர்கள். மஞ்சளின் நுனியில் கரி படிந்து பாத்திரம் கறுத்தால் வாயு அதிகம், மேல்காற்று போதவில்லை. கீழ்க்காற்றுக் கதவைக் கொஞ்சம் மூடுங்கள். பாத்திரம் வாயில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒரு விரற்கடை தூக்கி வையுங்கள்.

தீ காணாமல் போய், கெட்டியான வெள்ளைப் புகை மட்டும் கிளம்புகிறதா? அந்தப் புகை எரியாத வாயு. கீழே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, மேலே மட்டும் அணைந்திருக்கிறது. பாத்திரத்தை இறக்கி, விசிறியைக் குறையுங்கள். ஒரு காகிதத்தை முறுக்கிக் கொளுத்தி, இடுக்கியால் பிடித்து, பக்கவாட்டிலிருந்து வாய்க்கு நேரே கொண்டுபோங்கள். 'பக்'கென்று பிடிக்கும். அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே கொளுத்தினால் புருவம் பொசுங்கும்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக இறங்கி, அடித்தட்டில் ஓர் ஓரம் சீக்கிரமே சிவந்து தெரிந்தால் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது. கம்பியால் குத்திவிடத் தோன்றும். குத்தினால் பொந்து பெரிதாகும். கீழ்க்காற்றைக் குறைத்து, அந்த முறையை எப்படியாவது ஓட்டிவிடுங்கள். அடுத்த முறை துண்டுகளின் அளவைப் பாருங்கள்.

நடுவில் போடலாமா?

முடிந்தவரை வேண்டாம். கனலின்மேல் விழும் புதுச் சரக்கு தன் வாயுவையெல்லாம் ஒரே மூச்சில் விட்டுவிடும். மேல்காற்று அவ்வளவையும் எரிக்க முடியாமல் புகையும். இன்னும் அஞ்சு நிமிடம் எரிந்தால் போதும் என்கிற நிலையில், தீ உயிரோடு இருக்கும்போதே, விரல் நீளக் காய்ந்த சுள்ளி இரண்டு மூன்றாகப் போடலாம். உமியைக் கைப்பிடியாகப் போட்டால் தீயின்மேல் போர்வை போட்டதுபோலத்தான்.

நீண்ட சமையலுக்கு இரண்டாவது உருளை ஒன்று வைத்துக்கொள்வதே வழி. ஒன்று எரியும்போது மற்றதை நிரப்பித் தயாராக வையுங்கள். இடுக்கியால் முதல் உருளையைத் தூக்கி வெளியே வைத்து, இரண்டாவதை இறக்கிக் கொளுத்த இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அரிசி வெந்து குழம்புக்கு மாறுகிற இடைவெளியில் இதை வைத்துக்கொள்ளலாம்.

நிற்காமல் உமி போட்டுக்கொண்டே எரிக்கும் கூம்பு அடுப்புகளும் இருக்கின்றன. பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் பழக்கத்தில் உள்ளவை. பக்கவாட்டுக் கூம்பில் உமியை நிரப்பினால் அது தானாகச் சரிந்து தீக்குள் போகும். சரியும் என்றுதான் பெயர். உமி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வளைவாக நின்றுவிடும், கீழே எரிந்து காலியாகிவிடும். சில நிமிடத்துக்கு ஒரு முறை கூம்பைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஆள் இருக்கிற டீக்கடைக்குச் சரி, துணி துவைத்துக்கொண்டே சமைக்கும் வீட்டுக்கு இது சரிப்படாது. மோட்டார் வைத்துத் திருகுத்தண்டால் உமியைத் தள்ளும் யோசனையும் வருவதுண்டு. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அந்தச் சிலிக்கா உமியின் தோலிலேயே இருக்கிறது. அது திருகையும் குழாயையும் அரம்போல் ராவிவிடும். வீட்டு அடுப்பு அளவில் அந்தச் செலவு கட்டாது.

தீரும் நேரமும் கரியும்

மஞ்சள் தீ சுருங்கி, குட்டையான நீலத் தீயாக மாறினால் வாயு தீர்ந்தது, கரி எரியத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் புகை இருக்காது, நல்லபடியாக எரிவதுபோலத் தெரியும். ஆனால் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று தொடங்கி ஆளையே சாய்த்துவிடும். கதவு சன்னலை மூடிக்கொண்டு இந்த அடுப்பை எரிக்கவே கூடாது. குளிர்கிறது என்று கனலை அள்ளித் தூங்கும் அறைக்குள் கொண்டுபோய் வைக்கவும் கூடாது.

கரி வேண்டுமென்றால் நீலத் தீ வந்தவுடனே உருளையைத் தூக்கி, மூடியுள்ள இரும்பு டின்னில் கொட்டி இறுக மூடுங்கள். விறகாக இருந்தால், போட்ட எடையில் ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் கரி மிஞ்சும். தேய்ப்புக் கடைக்காரர் சுள்ளிக் கரியை வாங்கிக்கொள்வார். உமிக்கரியை அந்தக் காலத்தில் பல் துலக்க வைத்திருந்தார்கள், இப்போது எருக்குழியில் கலக்கலாம். எதுவானாலும் தண்ணீர் தெளித்து ஆறவைத்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகே சாக்கில் போடுங்கள். மேலே கறுத்து, உள்ளே கனன்று கொண்டிருக்கும் கரி ராத்திரியில் சாக்கைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உமி போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உருளையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். உமியில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு சாம்பல். எரிந்த பிறகும் வடிவம் கலையாமல் உருளையை ஏறக்குறைய முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும். விசிறியை அளவுக்கு மீறி ஓட்டினால் சாம்பல் இறுகிக் கட்டியாகும். அதை அடித்தட்டில் தங்கவிட்டால் அடுத்த முறை அந்த இடத்தில் காற்று வராது.

வாரத்துக்கு ஒரு தடவை, அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது, அடித்தட்டுத் துளைகளைச் சைக்கிள் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வாய்ப்பக்கத் துளைகளில் தார் காய்ந்து இறுகியிருந்தால் சுரண்ட வேண்டாம், தகரம் தேயும். நன்றாகக் காய்ந்த சவுக்கு மிலாறு அரை உருளை போட்டு, பாத்திரம் வைக்காமல் எரியவிடுங்கள். தார் எரிந்து உதிர்ந்துவிடும், மிச்சத்தைப் பழைய துடைப்பக் குச்சியால் தட்டிவிட்டால் போதும்.